கொடைக்கானல் மூடுபனியை நீர்வண்ணத்தில் தீட்டுவது: வின்ஸ்லோ ஹோமரின் வாழ்க்கை வழியே ஒரு வழிகாட்டி

கொடைக்கானலில் நீர்வண்ணம் பழகுகிறவர்களில் பலர் ஏரிக்கரையில் உட்கார்ந்து நீலத்தையும் பச்சையையும் பிழிந்து வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். படகுத்துறையின் கோடுகளைப் போட்டு முடிப்பதற்குள் மூடுபனி இறங்கிவிடுகிறது, எதிரில் இருந்த காட்சி மறைந்துபோகிறது, தாளில் வைத்த வண்ணமும் காயாமல் ஓடிக் கலங்குகிறது. எந்த வண்ணத்தோடு எதைக் கலக்க வேண்டும் என்ற யோசனைகளைத் தேடிப் போவதைக் காட்டிலும், மூடுபனியும் கடற்புயலும் மிகுந்த ஊரில் தம் வாழ்வின் கடைசி 27 ஆண்டுகளைக் கழித்த வின்ஸ்லோ ஹோமர் என்னும் அமெரிக்க ஓவியரின் தொழில்வாழ்க்கையை, அது நடந்த வரிசையிலேயே பின்பற்றிப் பயில்வது இந்த மலையில் தீட்ட விரும்புகிறவருக்கு மிகுந்த பயன் தரும் என்பது என் கருத்து. அவர் இருபது வயதுகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் கழித்தார். எண்ணெய் வண்ணத்தில் பெயர் பெற்றபின், 37ஆம் வயதில்தான் நீர்வண்ணத்தை முழுமையாகக் கையில் எடுத்தார். 47ஆம் வயதில் ஒரே ஊரைத் தேர்ந்து அங்கே நிலைத்தார். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே வண்ணத்தோடு பனிக்குள் இறங்குவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

ஹோமர் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். ஆயினும் அமெரிக்கர்களுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு பழையது. மதுரையில் இயங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்ட 1845இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் பிறந்த ஹோமர் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தார். அவருடைய தாயார் ஹென்ரியெட்டா பூக்களை நீர்வண்ணத்தில் தீட்டுகிறவர். மகனுக்கு முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது.

வண்ணப் பெட்டியை மூடிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்

ஹோமர் 19 வயதில் பாஸ்டனில் பஃபோர்டு என்பவரின் கல்லச்சுக் கூடத்தில் (கல்லில் வரைந்து அச்சிடும் கூடம்) தொழில் பழகச் சேர்ந்து, இசைத்தாள்களின் மேலட்டைகள் போன்றவற்றுக்குப் படம் வரைந்தார். 1857இல் அங்கிருந்து விடுபட்டபின் அவர் எந்த முதலாளியிடமும் நிரந்தர வேலைக்குப் போகவில்லை. பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தே பிழைத்தார். 1859இல் நியூயார்க் சென்றார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்னும் வார இதழ் அவரைப் போர்முனைக்கு அனுப்பியது. மரத்தின்மேல் இருந்து குறிபார்க்கும் வீரனை அவர் வரைந்த படம் 1862இல் அந்த இதழில் வெளிவந்தது.

அன்று இதழ்களில் படம் அச்சாக வேண்டுமானால், ஓவியர் கடினமான மரக்கட்டையின் முகத்தில் வரைந்து கொடுக்க, வெள்ளையாக வரவேண்டிய இடங்களைச் செதுக்குநர் வெட்டி நீக்குவார். எஞ்சி நிற்பதில் மை ஏறும். இடைப்பட்ட சாம்பல் நிறம் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கியும் விலக்கியும்தான் அதைப் பெற முடியும் என்பதால், எது கறுப்பு, எது வெள்ளை, இரண்டுக்கும் இடையில் எத்தனை படிகள் என்பதைத் தூரிகையைத் தொடும் முன்பே தீர்மானிக்கும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. ஓவியர்கள் தொனி என்று சொல்வது இதைத்தான். மூடுபனியில் நிறங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன, தொனி மட்டுமே மிஞ்சுகிறது என்பதால், ஹோமரின் இந்தப் பத்திரிகைக் காலம் நமக்கு மிக முக்கியமான பாடம்.

ஆகவே முதல் சில வாரங்களுக்கு எச்.பி., 4பி, 8பி ஆகிய மூன்று பென்சில்களும் ஒரு சாதாரண வரைபட நோட்டும் போதும். தாளை அஞ்சலட்டை அளவுக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்பே பள்ளத்தாக்கின் ஓரமாகச் செல்லும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக் சென்று, ஒவ்வொரு கட்டத்திலும் நான்கே தொனிகளில் காட்சியைப் பதிவு செய்யுங்கள்: தாளின் வெள்ளை, மெல்லிய சாம்பல், நடுச்சாம்பல், கறுப்பு. ஐந்தாவது தொனிக்கு இடம் கொடுக்காதீர்கள். பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறிவரும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: ஒவ்வொரு மலைவரிசையும் உச்சியில் அடர்ந்தும் அடிவாரத்தில் வெளிறியும் தெரியும், ஏனெனில் பனி தாழ்வான இடத்தில்தான் முதலில் தேங்குகிறது. பயிலுநர் கை பழக்கத்தால் இதற்கு நேர்மாறாக அடிப்பகுதியைக் கருக்கிவிடும். மலை கனமாக இருக்க வேண்டும் என்று மனம் எண்ணுவதே காரணம். இந்த ஒரு திருத்தம் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஐயம் எழும்போது செல்போனில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி ஒப்பிடலாம். ஆனால் வரைந்து முடித்த பின்னரே ஒப்பிட வேண்டும், வரைவதற்கு முன்பு அல்ல.

தாளும் வண்ணமும்

இங்கே தாளில் சிக்கனம் பார்ப்பது வீண். ஹோமர் வாட்மன் என்னும் ஆங்கிலேயத் தாளைப் பயன்படுத்தினார். கந்தல் துணிக் கூழில் செய்து, மேற்பரப்பில் விலங்குப் பசை ஏற்றிய அத்தகைய தாள், ஈரத்தைத் தாங்குவதோடு பின்னர் கத்தியால் சுரண்டுவதற்கும் ஒத்துழைக்கும். நாம் வாங்கும்போது 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, முழுப் பருத்தித் தாளாகப் பார்த்து வாங்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் தாள் பென்சிலுக்குப் பொருந்தும், பனிக்குப் பொருந்தாது. கொடைக்கானலின் ஈரக்காற்றில் தாளின் பசை பூஞ்சணம் பிடித்துக் கெடும். கெட்ட இடத்தில் வண்ணம் மையொற்றுத் தாளில் பட்டதுபோல் உள்ளே இறங்கிப் புள்ளியாக நிற்கும். அதனால் தாள்களைக் காற்றுப் புகாத உறையில், சிலிகா ஜெல் பொட்டலத்துடன் வைத்திருங்கள்.

வண்ணங்களில் அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சள், ஒரு நல்ல ரோஜாச் சிவப்பு ஆகிய நான்கு ட்யூப்கள் ஆரம்பத்துக்குப் போதுமானவை. பனிக்கென்று தனியாகச் சாம்பல் ட்யூப் வாங்க வேண்டாம். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்து தரும் சாம்பலைக் குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ நம் விருப்பத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். இவ்விடத்தில் ஹோமரின் வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், திரைச்சீலை நெய்யும் பட்டறையின் சாயங்களை ஆராய்ந்து, அருகருகே வைக்கப்படும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்று விளக்கிய நூலின் ஆங்கிலப் பதிப்பை 1860இல் ஹோமரின் அண்ணன் அவருக்குக் கொடுத்தார். அவர் அதை ஆயுள் முழுவதும் மதித்துப் பயன்படுத்தினார். அந்தக் கொள்கையை நம் மலையிலேயே சோதிக்கலாம். நடுநிலையான சாம்பல் பூச்சின் அருகில் ஒரு பழைய பங்களாவின் ஓட்டுக்கூரையை யெல்லோ ஓக்கரும் சியன்னாவும் கலந்து சிறிதாக வையுங்கள். நீலம் மிகாமல் கலந்த அந்தச் சாம்பல் நீலம் பாய்ந்ததாகத் தோன்றும். பனிக்கு நீலம் பூசாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஈரத்தோடு வேலை செய்வது

1873ஆம் ஆண்டுக் கோடையில் ஹோமர் மாசசூசெட்ஸ் கடற்கரையிலுள்ள குளோஸ்டர் என்னும் மீன்பிடி ஊருக்குச் சென்று, படகுகளில் விளையாடும் சிறுவர்களை நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். நீர்வண்ணத்தைக் கற்றுக்குட்டிகளின் ஊடகமாகக் கருதிய நிலை அப்போதுதான் அமெரிக்காவில் மாறிவந்தது. 1866இல் நியூயார்க்கில் நீர்வண்ண ஓவியர்களுக்கென ஒரு சங்கம் தோன்றிக் கண்காட்சிகள் நடத்திவந்தது. 1875க்குப் பிறகு ஹோமர் இதழ்ப் படங்களை விட்டுவிட்டார். முதல் நீர்வண்ணங்களில் பத்திரிகை ஓவியரின் கையே தெரிகிறது: தெளிவான கோடு, அதற்குள் நிரப்பிய வண்ணம், ஒளி வேண்டிய இடத்தில் ஒளிபுகா வெள்ளை. 1880இல் அதே குளோஸ்டர் துறைமுகத்துக்குள் இருக்கும் டென் பவுண்ட் தீவில், கலங்கரை விளக்கக் காவலரின் வீட்டில் தங்கித் தீட்டிய படங்களில்தான் நீரை ஓடவிட்டு அந்தி வானத்தைப் பிடிக்கும் துணிவு வருகிறது. ஆக, இடையில் ஏழு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. ஈரத்தின்மேல் ஈரம் வைக்கும் முறை ஒரு மாதத்தில் வசப்படவில்லையே என்று வருந்துகிறவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

மதுரையில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் பூச்சு, இங்கே பனி சூழ்ந்த நேரத்தில் நெடுநேரம் மினுமினுத்துக்கொண்டே இருக்கும். இதைத் தொல்லையாகக் கருதாமல் வசதியாக்கிக்கொள்ள வேண்டும். தாளின் இரு பக்கங்களையும் நனைத்துப் பலகையின்மேல் ஒட்டினாற்போல் படியவிட்டு, மேலிருந்து கீழாக மிக வெளிறிய சாம்பல் வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) ஒன்றைக் கொடுத்துப் பலகையைச் சற்றே சாய்த்து வையுங்கள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு தாளின் மினுமினுப்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது மங்கத் தொடங்கும் தருணத்தில், தாளில் உள்ளதைவிடக் குறைந்த நீரும் மிகுந்த வண்ணமும் கொண்ட தூரிகையால் மிகத் தொலைவிலுள்ள மலைமுகட்டை ஒரே இழுப்பில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். ஓரம் தானாகவே கரைந்து பனிக்குள் போகும். தூரிகையில் நீர் அதிகமாக இருந்தால் அது தாளிலுள்ள வண்ணத்தை வெளியே தள்ளி, காலிஃபிளவர் பூவைப் போன்ற விளிம்புள்ள கறையை உண்டாக்கும், அதைத் துடைத்துச் சரிசெய்ய முயன்றால் கறை பெரிதாகுமேயன்றி மறையாது.

இரண்டாவது மலைவரிசைக்கு முந்தைய பூச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதன் முகட்டைத் தெளிவான விளிம்போடு வைத்து, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே கீழ்ப்பகுதியைத் தூய நீர் தோய்த்த இன்னொரு தூரிகையால் கரைத்துவிட்டால், பென்சிலில் நாம் கற்றுக்கொண்ட அந்த அடிவார வெளிறல் இயல்பாக வந்துவிடும். கடைசியாக, அருகிலுள்ள தைலமரத்தையோ பைன் மரத்தையோ ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால், படத்திலேயே மிகக் கருமையான தொனியில் வையுங்கள். இந்தக் கருமை இல்லாவிட்டால் பின்னால் உள்ளது பனியாகத் தெரியாது. வெறுமனே வெளிறிய படமாகத்தான் தெரியும்.

பின்னாளில் ஹோமர் ஒளிபுகா வெள்ளையைப் பெரிதும் தவிர்த்து, ஒளியைத் தாளிலிருந்தே எடுக்கக் கற்றுக்கொண்டார். வெள்ளையை முன்கூட்டியே விட்டுவைப்பது, காய்ந்த வண்ணத்தை மறுபடி நனைத்து ஒற்றியெடுப்பது, கத்தியால் தாளின் மேல்தோலைச் சுரண்டி நீரின் மினுக்கலைக் காட்டுவது ஆகியவை அவர் கையாண்ட வழிகள். ஒற்றியெடுப்பதற்குப் பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. மரங்களுக்கு நடுவே ஊடுருவும் பனிக்கீற்றை அதைக்கொண்டு எடுக்கலாம். சுரண்டுவதை மட்டும் வெளியிடத்தில் செய்யாதீர்கள். நமக்கு உலர்ந்ததாகத் தோன்றும் தாள் இந்த ஊரில் உள்ளே ஈரமாகவே இருக்கும், கத்தி பட்டால் நார்நாராகக் கிழியும். வீட்டுக்குக் கொண்டுவந்து, வெதுவெதுப்பான அறையில் ஓரிரவு வைத்தபின் சுரண்டினால், வெள்ளி நீர்வீழ்ச்சியின் மெல்லிய நீர்த்தாரைகூட ஒரு கத்திக் கீறலில் கிடைக்கும்.

ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வது

1881, 1882 ஆகிய ஆண்டுகளில் ஹோமர் இங்கிலாந்தின் வடகடல் கரையிலுள்ள கல்லர்கோட்ஸ் என்ற மீனவர் ஊரில் தங்கி, வலை சுமக்கும் பெண்களையும் புயலுக்குக் காத்திருக்கும் கரையையும் தீட்டினார். அங்கே அவருடைய நீர்வண்ணங்கள் அளவிலும் கனத்திலும் வளர்ந்தன. திரும்பிய மறு ஆண்டு, மெயின் மாநிலத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக் கரையான பிரவுட்ஸ் நெக்கில் குடியேறி, குடும்பத்தாரின் வண்டிக் கொட்டகை ஒன்றை ஓவியக்கூடமாக மாற்றிக்கொண்டார். குளிர்காலங்களில் பஹாமாஸ், கியூபா, ஃபுளோரிடா, பெர்முடா என்று பயணம் போனாலும், மீன்பிடிக்கவும் தீட்டவும் அடிரான்டாக் மலைகளுக்குச் சென்றாலும், திரும்பி வந்து அமர்ந்தது அந்தப் பாறைகளின் முன்தான். மணம் செய்துகொள்ளவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களை விரட்ட, பாம்புகளும் எலிகளும் உள்ளன என்று எச்சரிக்கும் பலகை ஒன்றை எழுதி வைத்திருந்தார். ஏப்ரல், மே சீசனில் கோக்கர்ஸ் வாக்கில் பலகையை விரித்து உட்கார்ந்தவர்கள் அவருடைய நோக்கத்தைப் புரிந்துகொள்வார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிடத் திரும்பத் திரும்பச் சென்றுவர முடிகிறதா என்பதையே பாருங்கள். தூண் பாறை கம்பீரமானது, ஆனால் பனி மூடினால் பலமணி நேரம் எதுவும் தெரியாது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதால் அன்றாடப் பயிற்சிக்கு ஒத்துவராது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலருகே வடக்கே சமவெளி வரை திறந்த பார்வை கிடைக்கிறது. நான் பரிந்துரைப்பது பூம்பாறையை: படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களின் வரப்புகள் பனியிலும் கோடுகளாக மிஞ்சுவதால், தொனிப் படிகளைப் பயில அதைவிட நல்ல காட்சி இந்த மலையில் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கடுமையாக இருக்கும். ஜனவரியில் காலைகள் தெளிந்து, மதியத்துக்குமேல் பனி ஏறுவதைத் தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளவும், சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் தூரிகை கழுவும் நீரை எவர்சில்வர் தூக்கில் கொண்டுவரவும் மறக்க வேண்டாம். மழையில் தீட்ட ஹோமர் கண்ணாடிச் சன்னல் வைத்த, இழுத்துச் செல்லக்கூடிய சிறு குடில் ஒன்றை வைத்திருந்தார். நமக்குச் சாலையோர டீக்கடைத் தாழ்வாரம் அதற்கு ஈடாகும், இடையிடையே டீ சொல்லிக்கொண்டிருக்கும் வரை யாரும் எழுப்பமாட்டார்கள்.

பனியை எவ்வளவு வைப்பது

இந்தக் கேள்விக்கு ஹோமரின் 'தி ஃபாக் வார்னிங்' என்ற எண்ணெய் ஓவியமே நான் கண்ட சிறந்த விடை. 1885ஆம் ஆண்டைச் சேர்ந்த அது இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். தனியாகப் படகில் இருக்கும் மீனவர், பிடித்த பெரிய ஹாலிபட் மீன்கள் பின்புறம் கிடக்க, துடுப்புகளை நிறுத்திவிட்டுத் தொலைவில் உள்ள தாய்க்கப்பலை நோக்கித் தலையைத் திருப்புகிறார். அந்தக் கப்பலுக்குப் பின்னால் பனி எழும்புகிறது. படத்தின் அச்சம் முழுவதும் பனியிலிருந்து வருகிறது, ஆனால் பனி அடிவானத்தின்மேல் ஒரு பட்டையாக மட்டுமே இருக்கிறது. படகுக்கும் கப்பலுக்கும் இடையிலுள்ள தூரமும், பனி அதை எட்டிவிடும் என்ற கணக்கும் பார்ப்பவர் மனத்தில் ஓடும்படி மூன்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார். தாள் முழுக்கப் பனியைப் பூசுகிறவர் இந்தக் கணக்கையே இல்லாமல் செய்துவிடுகிறார். வத்தலகுண்டு மலைப்பாதையின் வளைவில் விளக்கெரிய ஏறிவரும் ஒரு பேருந்தை வைத்து, பனியை அதற்கு மேலுள்ள அடுத்த வளைவில் நிறுத்திப் பாருங்கள், வேறுபாடு விளங்கும்.

கடல் நடுவே நடப்பதாகத் தோன்றும் அந்தப் படத்துக்கு, கரை மணலில் படகைச் சாய்த்து வைத்து, உள்ளூர்க்காரர் ஒருவரை அதில் அமர்த்தியே ஹோமர் வரைந்தார். அதுபோல், விறகு சுமப்பவரையோ பூண்டு மூட்டை தூக்குபவரையோ வெயில் நேரத்தில், அவர்களின் அனுமதியோடு வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு பனிக்குள் இடம்பெயர்க்கலாம். இவ்வகைப் பயிற்சிப் படங்களைத் தூக்கி எறியக்கூடாது: 1885ஆம் ஆண்டுப் பயணத்தில் கரீபியக் கடற்பகுதியில் தீட்டிய நீர்வண்ணங்கள், 1899இல் அவர் 'தி கல்ஃப் ஸ்ட்ரீம்' ஓவியத்தை உருவாக்கியபோது பயன்பட்டன. சில வேளை உருவத்தை நீக்குவதும் தேவைப்படும். 1895இல் காட்சிக்கு வைத்த 'நார்த்ஈஸ்டர்' படத்தில் பாறைமேல் பதுங்கியிருந்த இரண்டு மனிதர்களை, படம் பாராட்டுப் பெற்ற பிறகும், அவர் மறைத்துப் பூசி, அலையையும் பாறையையும் மட்டும் எஞ்சவிட்டார். நீர்வண்ணத்தில் அப்படி மறைத்துப் பூச முடியாது. உருவம் வேண்டாமென்று தோன்றினால் அதே காட்சியைப் புதிய தாளில் தீட்டுவதுதான் வழி.

நிறம் மங்காமல் காப்பது

ஹோமர் 1910 செப்டம்பர் 29 அன்று பிரவுட்ஸ் நெக்கில் காலமானபோது ஏறத்தாழ 700 நீர்வண்ணங்கள் எஞ்சின. அவற்றில் 1887இல் தீட்டிய ஒரு படத்தில், வயலில் நிற்கும் சிறுவனின் பின்னால் வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. சிகாகோ கலைக்கழகம் அதை ஆராய்ந்தபோது, அந்த வானம் ஒரு காலத்தில் சிவப்பும் செம்மஞ்சளும் பொங்கிய அந்தியாக இருந்தது என்றும், ஒளி பட்டுப்பட்டு அந்தச் சிவப்புச் சாயங்கள் மங்கிவிட்டன என்றும் தெரியவந்தது. ஆகவே சிவப்பை வாங்கும்போது எளிதில் மங்கும் அலிஸரின் கிரிம்சனைத் தவிர்த்து, ட்யூபில் பி.வி. 19 என்ற நிறமிக் குறியீடு இருக்கும் குவினாக்ரிடோன் ரோஜா நிறத்தை எடுங்கள். கையிலிருக்கும் எல்லா வண்ணங்களையும் ஒரு தாள் துண்டில் பட்டைகளாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி வெயில் விழும் சன்னலில் ஒட்டிவிட்டு, ஒரு கோடை முழுவதும் கழிந்தபின் அட்டையை எடுத்துப் பாருங்கள். மலையில் வெயில் மென்மையாகத் தோன்றினாலும் இவ்வுயரத்தில் புற ஊதாக்கதிர் சமவெளியைவிட மிகுதி. மங்கியவற்றைப் பெட்டியிலிருந்து நீக்கிவிட்டு, இனித் தீட்டும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் தேதி, இடம், பயன்படுத்திய வண்ணங்களின் பெயர்கள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவையுங்கள்.